இளம்பெண்களிடையே உண்ணுதல் கோளாறுகள்: விழுப்புரம், திண்டிவனம் பகுதியை முன்வைத்து

உண்ணுதல் கோளாறுகள் என்பவை, உணவையும் உடல் எடையையும் பற்றிய எண்ணங்கள் ஒருவரின் அன்றாட வாழ்வை ஆட்கொண்டு, அவர் உண்ணும் முறையைக் குலைத்து, உடலுக்கும் மனத்துக்கும் கேடு விளைவிக்கும் மனநலக் கோளாறுகள் ஆகும். இவை எந்த வயதினருக்கும், ஆண் பெண் இருபாலருக்கும் வரக்கூடும். ஆனாலும் பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உள்ள பெண்களிடமே தொடங்குகின்றன. பள்ளி முடித்துக் கல்லூரிக்கோ, நீட் பயிற்சி மையத்துக்கோ, வேலைக்கோ செல்லத் தொடங்கும் பருவம் அது. விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் அந்தப் பருவத்துப் பெண்ணுடன் நாள்தோறும் மதிய உணவு உண்பவர் தாய் அல்லர், தோழி. ஆகவே இந்நோயை முதலில் காணக்கூடிய இடத்தில் இருப்பவரும் தோழியே.

வகைகள்

அனோரெக்சியா நெர்வோசா என்னும் கோளாறில் உணவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, வயதுக்கும் உயரத்துக்கும் தேவையான எடைக்குக் கீழே உடல் மெலிகிறது. மெலிந்த பின்னும் குறைப்பது நிற்பதில்லை. புலிமியா நெர்வோசாவில், குறுகிய நேரத்தில் கட்டுப்பாடின்றி மிகுதியாக உண்பதும், பிறகு அதை ஈடுசெய்ய வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை விழுங்குவது, பட்டினி கிடப்பது, அளவு மீறி உடற்பயிற்சி செய்வது ஆகியவையும் மாறி மாறி நிகழ்கின்றன. இவ்வாறு ஈடுசெய்யும் செயல்கள் இல்லாமல் கட்டுப்பாடற்று உண்பது மட்டும் தொடர்ந்தால் அது மிகையுண்ணல் கோளாறு எனப்படுகிறது. உடல் தோற்றத்தைப் பற்றிய கவலை ஏதுமின்றி, உணவின் மணம், பதம், விக்கிக்கொள்வோமோ என்ற அச்சம் போன்றவற்றால் உணவைத் தவிர்ப்பதும் தனியொரு கோளாறாகவே கருதப்படுகிறது.

மெலிந்த பெண்ணுக்குத்தான் இந்நோய் வரும் என்பது பரவலான தவறான எண்ணம். புலிமியா உள்ளவர்களில் பெரும்பாலோர் சராசரி எடையில் இருப்பர். பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. மனநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. நீண்ட பட்டினியால் இதயம் பழுதாவதும் தற்கொலையும் அதற்கான முக்கியக் காரணங்கள். புலிமியாவிலும் அடிக்கடி வாந்தி எடுப்பதால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, இதயத் துடிப்பு திடீரெனத் தாறுமாறாகலாம்.

மருத்துவ வரலாறு

1873-இல் லண்டனில் வில்லியம் கல், பாரிசில் சார்லஸ் லாசேக் ஆகிய இரு மருத்துவர்கள், உடல்நோய் ஏதுமின்றி உணவை மறுத்து மெலிந்த இளம்பெண்களைப் பற்றித் தனித்தனியாக எழுதினர். அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயர் வில்லியம் கல் இட்டது. புலிமியா நெர்வோசாவை 1979-இல் ஜெரால்டு ரசல் தனி நோயாக விவரித்தார். மிகையுண்ணல் கோளாறு, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டில் 2013-இல்தான் தனி நோயாக இடம்பெற்றது.

இந்நோயைப் புரிந்துகொள்ள உதவும் ஆய்வுகளுள் ஒன்று நோயாளிகளிடம் நடத்தப்பட்டதே அன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிவியலாளர், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாத காலம் அரைவயிற்று உணவு மட்டும் கொடுத்தார். அவர்களது எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதைவிட வியப்பானது அவர்களது நடத்தையில் ஏற்பட்ட மாற்றம். உணவைத் தவிர வேறு எதையும் அவர்களால் நினைக்க முடியவில்லை. சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரித்தனர். சிறிதளவு உணவைத் துண்டு துண்டாக்கி நெடுநேரம் உண்டனர். நண்பர்களிடமிருந்து விலகினர், சிடுசிடுத்தனர், சோர்ந்தனர். உணவு மீண்டும் கிடைத்தபோது சிலரால் உண்பதை நிறுத்தவே முடியவில்லை. இவர்களில் எவருக்கும் மெலிய வேண்டும் என்ற ஆசை இருந்ததில்லை. உண்ணுதல் கோளாறு உள்ள பெண்ணிடம் காணப்படும் ‘பிடிவாதம்’, ‘திமிர்’, ‘எப்போதும் சாப்பாட்டைப் பற்றியே பேச்சு’ ஆகியவற்றில் பெரும்பகுதி பட்டினியின் விளைவு என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. ஓரளவு எடை திரும்பும் வரை எவ்வளவு அறிவுரை கூறினாலும் அது உள்ளே இறங்காததன் காரணமும் இதுவே.

இந்தியாவில் காணப்படும் வடிவம்

இது மேலைநாட்டு நோய், வசதி படைத்தவர் வீட்டு நோய் என்ற கருத்து நெடுங்காலம் மருத்துவர்களிடமே இருந்தது. 1995-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கந்தேல்வால், சரண், சக்சேனா ஆகியோர் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர. அவர்கள் உணவை மறுத்தனர், தொடர்ந்து வாந்தி எடுத்தனர், மிகவும் மெலிந்தனர், மாதவிடாய் நின்றிருந்தது. ஆனால் ‘நான் குண்டாக இருக்கிறேன்’ என்று சொல்லவில்லை. மேலைநாட்டு நூல்களில் எழுதியிருந்தபடி ஓயாமல் உடற்பயிற்சியும் செய்யவில்லை. அதனாலேயே நோயைக் கண்டறிவது கடினமாக இருந்தது. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993-இல் வெளியிட்ட ஆய்விலும், 70 நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் மூவருக்குக் குண்டாகிவிடுவோம் என்ற அச்சம் இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது, பசிக்கவில்லை என்பவையே அவர்கள் கூறிய காரணங்கள்.

அதே 1995-இல் சென்னையில் சீனிவாசன், சுரேஷ் உள்ளிட்டோர் 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் வெளியாயின. முழுமையான உண்ணுதல் கோளாறு ஒருவரிடமும் இல்லை. ஆனால் 31 பேர், அதாவது 14.8 விழுக்காட்டினர், உணவையும் எடையையும் பற்றிய தொல்லை தரும் எண்ணங்களுடன் இருந்தனர். ஆய்வாளர்கள் அதற்கு ‘உண்ணல் துயரம்’ என்ற பொருள்படும் பெயரிட்டனர். அது கைப்பேசியும் இன்ஸ்டாகிராமும் வராத காலம். ஊடகத்தின் பங்கைப் பொறுத்தவரை, பிஜித் தீவில் ஆன் பெக்கர் செய்த ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அங்கு நாட்ரோகா பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. எடையைக் குறைக்க வாந்தி எடுக்கும் பள்ளி மாணவிகள் அப்போது ஒருவரும் இல்லை, 1998-இல் 11.3 விழுக்காட்டினர் அவ்வாறு செய்தனர்.

இப்பகுதியில் நோய் மறைந்துகொள்ளும் விதம்

தமிழில் ‘பசிப்பிணி’ என்ற சொல் மணிமேகலைக் காலத்திலிருந்து வழங்குகிறது. பக்கத்து மாவட்டமான கடலூரின் வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அந்தப் பிணியைத் தீர்ப்பதற்கே. ஆனால் சோறு இருந்தும் உண்ண முடியாத பிணிக்குப் பேச்சுத் தமிழில் பெயர் இல்லை. பெயர் இல்லாத நோய் வேறு பெயர்களில் உலவுகிறது.

முதல் பெயர் விரதம். வெள்ளி, சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி, ஆடி மாதம் என்று விரத நாட்களுக்குக் குறைவில்லை. திண்டிவனத்தை அடுத்த மயிலம் முருகனுக்குக் கிருத்திகை இருப்போர் இப்பகுதியில் பலர். விரதம் நோய் அன்று. விரதத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. முடிந்தபின் வீட்டாருடன் அமர்ந்து வயிறார உண்பதும் உண்டு. முடிவே இல்லாத விரதம், சாமியின் பெயர் மாறிக்கொண்டே இருந்தாலும் நிற்காத விரதம், விரதத்தை முறிக்க நேர்ந்தால் அச்சமும் அழுகையும் வருவது ஆகியவையே ஐயத்துக்குரியவை.

இரண்டாவது பெயர் இரத்தசோகை. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. ஆகவே மயங்கி விழும் மாணவிக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவது இயல்பாக நடக்கிறது. பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் ஆறு மாதத்தில் மூன்று முறை மயங்கி விழுந்தவரிடம் ‘என்ன சாப்பிட்டாய்?’ என்று கேட்கப்படுவதில்லை.

மூன்றாவது அல்சர். வாந்தி, நெஞ்செரிச்சல், வயிறு உப்பிசம் ஆகிய மூன்றும் அல்சரிலும் உண்டு, உண்ணுதல் கோளாறிலும் உண்டு. ‘அல்சர், காரம் ஆகாது, எண்ணெய் ஆகாது’ என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் ஒரு வாழைப்பழமும் தேநீரும் மட்டுமே எஞ்சும்வரை யாரும் கேள்வி கேட்பதில்லை. சில குடும்பங்கள் காத்துக் கருப்பு என்று எண்ணி மேல்மலையனூருக்கு அழைத்துச் செல்வதும் உண்டு. அம்மனிடம் வேண்டிக்கொள்வதால் கெடுதல் ஒன்றும் இல்லை. அதற்காக மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவதே கெடுதல்.

நான்காவது மறைப்பு புதியது: நீர்க்கட்டி. சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள பெண்ணிடம் ‘எடையைக் குறை’ என்று சொல்லப்படும் அறிவுரை மருத்துவ அடிப்படையில் சரியானதே. எவ்வளவு, எப்படி, எப்போது நிறுத்துவது என்பதைச் சொல்லாமல் விட்டால், மீதியை யூடியூப் சொல்லிக் கொடுக்கிறது. அத்துடன் உறவினர் வாயும் சேர்ந்துகொள்கிறது. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ‘என்னடி இப்படி ஊதிட்ட’ என்பதும், அடுத்த ஆண்டே ‘என்னடி கருவாடு மாதிரி ஆயிட்ட’ என்பதும் அன்பின் பெயரால் சொல்லப்படுகின்றன. பெண் பார்க்க வருவோரின் பேச்சு இதைவிடக் கூர்மையானது.

வீட்டுப் பேச்சு மட்டுமே காரணம் என்றும் கூறிவிட முடியாது. மரபணுச் சார்பு, எதிலும் குறையின்றி இருக்க வேண்டும் என்ற இயல்பு, பதற்றம், பாலியல் துன்புறுத்தல் உள்ளிட்ட பழைய காயங்கள், தேர்வு அழுத்தம் எனப் பல சேர்ந்தே நோய் உருவாகிறது. எதுவுமே தன் கையில் இல்லை என்று உணரும் பெண்ணுக்கு, தட்டில் உள்ளது மட்டும் தன் கையில் இருப்பதாகத் தோன்றுகிறது. தாயைக் குற்றவாளியாக்கும் பேச்சு சிகிச்சைக்கு இடையூறு. சிகிச்சையில் மிகவும் தேவைப்படுபவர் அவரே.

தோழி கவனிக்கக்கூடியவை

அரசுக் கல்லூரிகளில் மாணவிகள் வட்டமாக அமர்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து பகிர்ந்து உண்பது வழக்கம். பகிர்ந்து உண்ணும் இந்த வட்டத்திலேயே ஒருவர் உண்ணாமல் ஒளிந்துகொள்ளவும் முடியும். தன் சோற்றை மற்றவர்களுக்கு அள்ளிக் கொடுப்பவர் அன்பானவராகவே தெரிவார். நாள்தோறும் அவரது டப்பா முதலில் காலியாகி, அவர் ஒரு கவளமும் உண்ணாமல் எழுந்தால் அது கவனிக்கத்தக்கது. சாப்பிட்ட உடனே கழிவறைக்குச் செல்வது, குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் உள்ளே இருப்பது, ‘ரயிலிலேயே சாப்பிட்டுவிட்டேன்’, ‘வீட்டில் சாப்பிட்டுக்கொள்கிறேன்’ என்று இரு பக்கமும் சொல்வது, வெயில் காலத்திலும் குளிர்வது, கன்னத்தின் ஓரம் காதுக்குக் கீழே வீங்கியிருப்பது, விரல் மூட்டுகளின் மேல் பல் பட்ட தழும்பு, பல் கூச்சம், முடி உதிர்தல், கைகளில் மெல்லிய பூனை மயிர், மாதவிடாய் தள்ளிப்போதல் ஆகியவை பிற அறிகுறிகள். ஒரு அறிகுறியை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

லண்டனில் 1999-இல் உருவாக்கப்பட்ட ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு சோதனை உலகெங்கும் மருத்துவர்களால் பயன்படுத்தப்படுகிறது. வயிறு நிறைந்து தொல்லையாக இருப்பதால் வலிந்து வாந்தி எடுப்பதுண்டா, எவ்வளவு உண்கிறோம் என்ற கட்டுப்பாடு போய்விட்டதாகக் கவலை உண்டா, மூன்று மாதத்தில் ஏறத்தாழ ஆறு கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா, மற்றவர்கள் ஒல்லி என்று சொல்லும்போதும் குண்டாக இருப்பதாக நினைப்பதுண்டா, உணவே வாழ்க்கையை ஆள்கிறது என்று சொல்வீர்களா என்பவை அவை. இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெல்லி, ஹாங்காங் அனுபவங்களை நோக்கினால், நான்காவது கேள்விக்கு ‘இல்லை’ என்ற பதில் வந்ததும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்பது விளங்கும்.

பேசும் முறை

பேச்சைத் தொடங்கும் இடம் முக்கியம். சாப்பாட்டுத் தட்டின் முன் பேசக்கூடாது. மற்றவர்கள் முன்னிலையிலும் கூடாது. விடுதி மொட்டை மாடி, பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் போன்றவை ஏற்றவை. எடை, உடல், கலோரி ஆகியவற்றை விட்டுவிட்டு, கண்ணால் கண்டதையும் மனத்தில் பட்டதையும் மட்டும் சொல்வது நல்லது. ‘ரெண்டு வாரமா நீ எங்ககூட சாப்பிடவே இல்ல. அன்னிக்கு படியில தலை சுத்தி உட்கார்ந்துட்ட. எனக்குப் பயமா இருக்குடி’ என்பது போதும். ‘எலும்பும் தோலுமா ஆயிட்ட’ என்பது அச்சுறுத்தும் என்று எண்ணிச் சொல்லப்படுகிறது. நோயின் காதில் அது பாராட்டாக விழுகிறது. ‘இப்ப கொஞ்சம் பூசினாப்ல நல்லா இருக்க’ என்ற சொல், குணமாகி வருபவரை மீண்டும் பட்டினிக்குத் தள்ளக்கூடும்.

முதல் முறை பெரும்பாலும் மறுப்போ கோபமோதான் கிடைக்கும். அதற்காக விலகவும் வேண்டாம், அன்றே வாதாடி வெல்லவும் வேண்டாம். சில நாள் கழித்து மறுபடியும் கேட்கலாம். ஊட்டிவிடுவது, தட்டைக் கண்காணிப்பது, கழிவறை வாசலில் காவல் நிற்பது ஆகியவை தோழியைச் சிறைக்காவலர் ஆக்கிவிடும். மாறாக, உணவோடு தொடர்பில்லாத பழைய பழக்கங்களை, சினிமா, நோட்ஸ் எழுதுவது, சேர்ந்து பேருந்தில் வருவது போன்றவற்றை, விடாமல் வைத்திருப்பது பெரிய உதவி.

‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்து கொடுக்கக்கூடாது. இந்தச் சத்தியமே பலரை நெடுநாள் கட்டிப்போடுகிறது. ‘உனக்குத் தெரியாம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா அம்மாகிட்ட சொல்லுவேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மையானது. வீட்டில் யாரிடம் சொல்வது என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் செய்யலாம்; அக்கா, அத்தை, சித்தி என ஒருவர் இருப்பார். தாயிடம் பேச நேர்ந்தால் ‘அம்மா, அவளைத் திட்டாதீங்க. டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாம், நானும் கூட வரேன்’ என்று தொடங்குவது, நோயின் பெயரைச் சொல்லி விளக்குவதைவிடப் பயன் தரும்.

எங்கே அழைத்துச் செல்வது

விக்கிரவாண்டியை அடுத்த முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2010 முதல் இயங்கிவருகிறது. அங்கு மனநலப் பிரிவும் பொது மருத்துவப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது இந்நோய்க்கு வசதி, ஏனெனில் இரண்டும் தேவைப்படும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் வட்ட மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருவதுண்டு. திண்டிவனத்தில் இருப்போர் அரசு மருத்துவமனையில் அந்த நாளைக் கேட்டறிந்து செல்லலாம். புதுச்சேரி ஜிப்மர், இரு ஊர்களிலிருந்தும் சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ளது. எங்கும் போகத் துணியாதவர் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் இது. நாள் முழுவதும் இயங்கும், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பாதிக்கப்பட்டவர் மட்டுமன்றி, அவருக்காகக் கவலைப்படும் தோழியும் அழைக்கலாம்.

18 வயது நிறைந்த பெண் புறநோயாளியாக மனநல மருத்துவரைக் காணப் பெற்றோரின் அனுமதி தேவையில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பற்றிய செய்திகளை இரகசியமாக வைக்கும் உரிமையையும் தருகிறது. ‘கல்யாணத்துக்குத் தெரிந்துவிடும்’ என்ற அச்சமே பல குடும்பங்களைத் தடுப்பதால், இதைத் தோழி தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கூட்டமான புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ‘களைப்பா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் சத்து மாத்திரை கிடைக்கும். எத்தனை மாதத்தில் எவ்வளவு எடை குறைந்தது, கடைசி மாதவிடாய் எப்போது, ஒரு நாளைக்கு என்ன உண்கிறார், வாந்தி எடுக்கிறாரா, பேதி மாத்திரை எடுக்கிறாரா, எத்தனை முறை மயங்கினார் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அந்தச் சில நிமிடங்கள் போதும். இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் அளவும் இ.சி.ஜி.யும் பார்க்கப்பட வேண்டும்.

மயக்கம் தெளியாமை, நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் இரத்தம், பல நாள் ஏதும் உண்ணாமை, சாக வேண்டும் என்ற பேச்சு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். அப்போது இரகசியம் பார்க்கக்கூடாது.

பட்டினியை முறிப்பதில் உள்ள ஆபத்து

மெலிந்து கிடக்கும் பெண்ணைக் கண்டதும் தெருமுனைக் கிளினிக்கில் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ்’ ஏற்றுவதும், ஒப்புக்கொண்ட அன்றே பிரியாணி வாங்கிக் கொடுப்பதும் பலர் அன்பாகச் செய்வது. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடலில் மாவுச்சத்து திடீரென நுழைந்தால், இன்சுலின் பெருகி, இரத்தத்தில் உள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை செல்களுக்குள் இழுக்கப்படுகின்றன. இதயமும் மூச்சுத் தசைகளும் செயலிழக்கலாம். வைட்டமின் பி1 தீர்ந்துபோய் மூளையும் பாதிக்கப்படலாம். இரண்டாம் உலகப் போரில் விடுவிக்கப்பட்ட கைதிகள், உணவு கிடைத்த பின் இறந்ததைக் கண்டே மருத்துவர்கள் இதை அறிந்தனர். எனவே மிகவும் மெலிந்தவருக்கு உணவைக் கூட்டுவது மருத்துவர் கண்காணிப்பில், இரத்தப் பரிசோதனையுடன், படிப்படியாக நடக்க வேண்டும். பல நாள் உண்ணாதிருந்தார் என்ற செய்தியை ட்ரிப்ஸ் போடும் முன்பே சொல்வது உயிர்காக்கும் செய்தி.

சிகிச்சை

பதின்ம வயதுப் பெண்களின் அனோரெக்சியாவுக்குப் பெற்றோரை உட்படுத்திய குடும்பச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. அதில் தொடக்கத்தில் உணவைத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பெற்றோர் எடுத்துக்கொண்டு, எடை திரும்பத் திரும்ப மகளிடமே ஒப்படைக்கின்றனர். புலிமியாவுக்கும் மிகையுண்ணலுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் நடத்தைச் சிகிச்சை முதன்மையானது. புலிமியாவுக்கு ஃப்ளூவாக்சிட்டின் என்ற மாத்திரையும் உதவுகிறது. அனோரெக்சியாவைக் குணப்படுத்தும் மாத்திரை என்று ஒன்று இல்லை. உணவே அதன் மருந்து.

குணமடைய மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகள். இடையில் சறுக்கல்கள் உண்டு. தேர்வு, விடுதி மாறுதல், நிச்சயதார்த்தம், பிரசவம் ஆகியவற்றை ஒட்டி நோய் திரும்பத் தலைகாட்டலாம். அத்தகைய நேரங்களில் மறுபரிசோதனைக்குப் போகும் நாளை நினைவுபடுத்தவும், பேருந்தில் உடன் ஏறி முண்டியம்பாக்கம் வரை போய்வரவும் ஒருவர் இருந்தால் சிகிச்சை பாதியில் நிற்பது குறைகிறது. இந்தச் சுமையை ஒரே தோழி தனியாகத் தூக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று பேர் முறைவைத்துக்கொள்வதும், தாங்க முடியாதபோது தமக்காகவே 14416-ஐ அழைப்பதும் நலம்.